துணை வயிறு

சாவு வீட்டுக்கு மாலை கொண்டு போவார்கள். நான் தூக்குவாளியில் ரசம் சாதம் கொண்டு போனேன்.

திருநெல்வேலிக்குத் தெற்கே நாலுவழிச் சாலையை விட்டு இறங்கி ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் அந்த வீடு. பகல் பன்னிரண்டரை இருக்கும். வாசலில் சாமியானா போட்டு நீல நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் என் கையில் இருந்த வாளியைப் பார்த்து, "பிள்ளையளுக்கா? பக்கத்து வீட்டுல குடுங்க, இங்க அடுப்பு பத்த வைக்கல" என்றார். நான் தலையை ஆட்டி வைத்தேன். பிள்ளைகளுக்கு இல்லை, செத்தவரின் மனைவிக்கு என்று சொல்லியிருந்தால் வாளியோடு சேர்த்து என்னையும் தூக்கி ரோட்டில் போட்டிருப்பார்கள். போட்டாலும் தப்பில்லை.

எங்கள் பக்கத்தில் உடல் கிடக்கும் வீட்டில் உலை வைப்பதில்லை. எடுத்துக்கொண்டு போய், வீட்டைக் கழுவி விட்ட பிறகுதான் சோறு. குழந்தைகளுக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்கும் பக்கத்து வீட்டில் வைத்துச் சத்தமில்லாமல் ஏதாவது கொடுத்துவிடுவார்கள். கட்டியவள் மட்டும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் தலைமாட்டில் இருக்க வேண்டும். சங்கரபாண்டியின் உடலை, மகள் புனேயிலிருந்து வந்த பிறகு மாலை ஐந்து மணிக்கு எடுப்பதாக இருந்தது. அவர் மனைவி பேச்சித்தாய் ஒரு மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் இருபது கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இன்னொரு மனிதன் மூச்சு முட்டிச் சாவான். இதை அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

என் பெயர் ஜெபதுரை. பத்து வருஷம் ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்த்துவிட்டு, கடைசி இரண்டு வருஷமாகத் 'துணை வயிறு' திட்டத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இரைப்பைப் புற்றுநோய் முற்றி, அறுத்து எடுக்கவும் முடியாத கட்டத்துக்கு வந்தவர்களில் பலருக்கு இரைப்பையின் கீழ்வாசல் அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டது குடலுக்கு இறங்காது. உள்ளேயே கிடந்து புளித்து, முந்தாநாள் தின்ற பருக்கை இன்றைக்கு வாய்வழியே வரும். மனுஷனுக்குப் பசிக்கவும் செய்யும், வாந்தியும் எடுப்பார். அடைத்த இடத்தில் ஒரு வலைக்குழாயை விட்டு விரித்து வைப்பது ரொம்ப நாளாக இருக்கிற வைத்தியம்தான். ஆனால் புற்று நரம்பையும் சேர்த்துத் தின்றிருந்தால், வழி திறந்த பிறகும் இரைப்பை தள்ளாது.

டாக்டர் மெஹருன்னிசா இதைப் படம் போட்டு விளக்கியபோது சங்கரபாண்டி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். ஐம்பத்தாறு வயது. பேரூராட்சியில் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் திறந்துவிடும் வேலை. ஒரு மாதமாகக் குளுக்கோஸில் ஓடிக்கொண்டிருந்த உடம்பில் கண்கள் மட்டும்தான் பழையபடி இருந்தன.

"வால்வத் தொறந்துட்டா போதுமா டாக்டரம்மா? பின்னால இருந்து தள்ளுததுக்கு பிரஷர் வேணும்லா" என்றார்.

"அதேதான். அந்த பிரஷரைத்தான் இன்னொரு ஆள்கிட்ட இருந்து வாங்கப் போறோம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். மெஷின் பாஷை பேசுவது என் பங்கு.

"நல்ல வயிறு நிமிசத்துக்கு மூணு தடவ அலை மாதிரி சுருங்கும் அண்ணாச்சி. சோறு விழுந்தா இன்னும் பலமா சுருங்கும். ஒரு ஆளு வயித்து மேல பட்டை ஒண்ணு ஒட்டி அந்த அலையப் பிடிக்கோம். அத போன் மாதிரி அனுப்பி உங்க குழாய்ல இருக்க சின்னச் சின்ன கரண்ட் முள்ளுக்குக் குடுக்கோம். அங்க அவர் வயிறு தள்ளும்போது இங்க உங்க வயிறும் தள்ளும். அவர் சாப்பிட்டா உங்களுக்கு இறங்கும்."

"மெஷினே அந்தத் தாளத்தப் போடாதா?"

"போடும், மூணு நாளைக்கு. நாலாம் நாள் உடம்பு கண்டுபிடிச்சுரும். ஒரே மாதிரி தட்டிக்கிட்டே இருந்தா அது காதுல வாங்காது. உசுருள்ள வயிறு ஒரு தடவ தட்டுன மாதிரி மறு தடவ தட்டாது."

"அதான பாத்தேன்" என்றார் சங்கரபாண்டி. "முப்பது வருசமா எம்பொண்டாட்டி ஒரே ஏச்ச ஒரே மாதிரி ஏசுதா. எங்காதுல ஏறவே இல்ல."

பேச்சித்தாய் சிரிக்கவில்லை. "அப்ப எவ வயித்துலயோ எதுக்கு ஒட்டணும்? நான் சாப்பிடுதேன். எனக்கு ஒட்டுங்க" என்றார்.

"முதல்ல அப்படித்தாம்மா செஞ்சோம்" என்றார் டாக்டர். "புருஷனுக்குப் பொண்டாட்டி, அம்மாவுக்கு மகன். சரியா வரலை. அவர் முகத்தைச் சுளிச்சா பக்கத்துல இருக்கிற இவங்களுக்கு வயிறு நின்னுடும். இவங்களுக்கு நின்னா அவருக்கு அடைக்கும். மனசு கலங்கினா முதல்ல நிக்கிறது வயிறுதான். அதனால மாத்திப் போடுறோம். நீங்க வேற ஒரு நோயாளிக்காகச் சாப்பிடுவீங்க. அந்த நோயாளி வீட்டு ஆள் உங்க வீட்டுக்காரருக்காகச் சாப்பிடுவாங்க. யாருக்கு யாருன்னு ரெண்டு பக்கமும் சொல்ல மாட்டோம். சொன்னா திரும்பவும் கவலை வந்துரும்."

"நோவு போயிருமா?" என்று சங்கரபாண்டி கேட்டார்.

"போகாது. மூணு மாசமோ அஞ்சு மாசமோ, இருக்கிற வரைக்கும் வாயால சாப்பிடலாம். அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல முடியாது."

"போதும்" என்றார் அவர்.

குழாய் வைத்த ஐந்தாம் நாள் அரை இட்லியைச் சீனி தொட்டுச் சாப்பிட்டார். அது இறங்குகிறதா என்று நாங்கள் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "போகுது, போகுது" என்றார். பிறகு அழுதார்.  இந்த வேலைக்கு வந்ததற்காக நான் சந்தோஷப்பட்ட நாள் அது.

படிவத்தில் ஒரே ஒரு விதிதான் பெரிய எழுத்தில் இருந்தது. காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு ஏழரை, மூன்று வேளையும் துணையாக இருப்பவர் தவறாமல் சாப்பிட வேண்டும். பேச்சித்தாய்க்குச் சர்க்கரை வியாதி. மாத்திரைக்காக எப்படியும் நேரத்துக்குச் சாப்பிடுகிறவர். அவரைப் போன்ற துணையை நான் பார்த்ததில்லை. ஒரு மணி என்றால் பன்னிரண்டு ஐம்பத்தொன்பதுக்கு என் திரையில் அவருடைய அலை எழுந்துவிடும்.

அந்த அலை போய்ச் சேர்ந்தது கொம்பையாவுக்கு. நாற்பத்துநாலு வயது, பள்ளிக்கூட வேன் ஓட்டியவர், இரண்டு பெண் பிள்ளைகள். கொம்பையாவின் மனைவி உலகம்மாள், சங்கரபாண்டிக்காகச் சாப்பிட்டாள். இது எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பரிசோதனை நாட்களில் இரண்டு குடும்பமும் வராந்தாவில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும். ரகசியத்தைக் காப்பாற்ற நான்கு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதத் தெரிந்த எங்களுக்கு இன்னொரு பெஞ்சு போடத் தெரியவில்லை.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தீபாவளி முடிந்த மறுநாள் உலகம்மாளின் அலை விழுந்தது.

காலையில் இல்லை. மதியம் இல்லை. சாயங்காலம் ஏதோ லேசாக ஒரு அசைவு. நான் போன் செய்து, "சாப்பிட்டியளாம்மா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன் சார்" என்றாள்.

பட்டை வியர்வையில் கழன்றிருக்கும் என்று நினைத்து, புதிதாக ஒட்டச் சொன்னேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நானே பஸ் ஏறிப் போய்ப் பட்டையை மாற்றினேன். ஆள் வாடியிருந்தாள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பொம்பளை வாடாமல் இருப்பாளா என்று நானாகவே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டேன். நாலாம் நாள், அலையை அனுப்புகிற பெட்டிதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புதுப் பெட்டிக்கு எழுதினேன். மெஷினைச் சந்தேகப்பட்டேன், மனுஷியைச் சந்தேகப்படவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

இதற்கிடையில் பேச்சித்தாய் இரண்டு தடவை போன் செய்தார். "வயிறு உப்பிக் கெடக்கு தம்பி. புளிச்ச ஏப்பமா வருது. நேத்து கஞ்சி கூட இறங்கல." டாக்டர் கேட்டுவிட்டு, புற்று வலைக்குள் வளர்ந்திருக்கும், அப்படி நடப்பது உண்டு, திங்கட்கிழமை கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கலாம் என்றார். அதுவரை நீராகாரம் மட்டும் கொடுக்கச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. உலகம்மாளின் அலை குறைந்திருப்பதை நான் மெஷின் கோளாறு என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சங்கரபாண்டி வாந்தி எடுத்தார். அதில் பாதி நுரையீரலுக்குள் போனது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்குத் தகவல் வந்தபோது புதுப் பெட்டியோடு உலகம்மாளின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தட்டில் இட்லி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தட்டோடு எழுந்தாள். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"சார், கோவிச்சுக்கிடாதிய. டாக்டரம்மாட்ட சொல்லிராதிய. ஆறு நாளும் சஷ்டி விரதம் இருந்தேன். அந்திக்கு மட்டும் பாலும் பழமும் எடுத்துக்கிட்டேன். இன்னைக்கு முடிச்சுட்டேன். இனி ஒரு வேளை தப்ப மாட்டேன்."

"படிவத்துல எழுதியிருக்கேம்மா, மூணு வேளையும் சாப்பிடணும்னு."

"ஆறு நாளுதான சார். அந்தப் பக்கம் இருக்கவியளுக்கு மெஷினு பாத்துக்கிடாதா? இவியளுக்கு ரத்தம் ஏத்தணும்னு படுக்கப் போட்டுட்டாவ. நான் வேற யாருகிட்ட போயி நிப்பேன்?"

சுவரில் விரத நாள் எல்லாம் போட்ட தினசரிக் காலண்டர் தொங்கியது. நான் கிறிஸ்தவன், அந்தக் காலண்டர் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் நாற்பது வருஷமாக இந்த ஊர்க்காரன். அந்த ஆறு நாளும் திருச்செந்தூர் பஸ் எல்லாம் பச்சை உடுப்புக்காரர்களால் நிரம்பி வழிந்தது. பட்டை மாற்ற இவள் வீட்டுக்கு வந்த அன்று நான் நின்றுகொண்டு வந்ததே அந்தப் பச்சைக் கூட்டத்துக்கு நடுவில்தான். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அவள் தின்ற இட்லிக்கு என் கைத்திரையில் அழகான அலை எழுந்துகொண்டிருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நான் எதையும் சொல்லாமல் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எனக்காகக் காத்திருந்தார். கொம்பையாவும் காலை எட்டு மணிக்கு வழக்கம்போல இட்லி சாப்பிட்டிருந்தார். பேச்சித்தாயும் அதே நேரம் தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் வாயில் வைக்கும் முன் அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டு எழுந்து ஓடிவிட்டார். அதற்குப் பிறகு அவருடைய அலை இல்லை. கொம்பையாவின் வயிறு நிறைந்துகொண்டே வந்தது.

"மூக்கு வழியா குழாய் விட்டு எடுத்துர முடியாதா டாக்டர்?"

"போன தடவை விட்டப்ப ரத்தம் கொட்டிச்சு. மேல்பக்கமும் புற்று. இன்னொரு தடவை விட்டா அதுலயே போயிடுவார்."

"வேற துணை?"

"மதுரையில ஒருத்தங்க இருக்காங்க. யாரைப் போட்டாலும் பழக நாலு நாளாகும். மெஷின் தாளத்தை அவர் உடம்பு ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிருச்சு, இனி அது எடுபடாது. அந்த நாலு நாளை ஓட்டணும் ஜெபதுரை."

"அந்தம்மா புருஷன் செத்து அஞ்சு மணி நேரம் ஆகல டாக்டர். அழுதுக்கிட்டே சாப்பிட்டா அலை வருமா?"

"தெரியலை. சாப்பிடலைன்னா வராது. அது மட்டும் தெரியும்."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போய்க் கேப்பேன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேளுங்க. கட்டாயப்படுத்தாதீங்க. கேக்காம மட்டும் இருந்துடாதீங்க. இங்க ரெண்டு சின்னப் பிள்ளைங்க உக்காந்திருக்கு."

கேன்டீனில் ரசம் சாதம் மட்டும் வாங்கினேன். கூட்டு வைக்கட்டுமா என்று கேட்டார்கள். சாவு வீட்டுக்குக் கூட்டும் பொரியலும் கொண்டுபோக மனம் வரவில்லை.

உள் அறையில் குளிர்பெட்டிக்குள் சங்கரபாண்டி கிடந்தார். சுற்றிலும் பெண்கள். தலைமாட்டில் பேச்சித்தாய் பெட்டியின் கண்ணாடி மேல் இடது கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சங்கரபாண்டியின் அக்கா பிரமு. எழுபதை நெருங்கிய, குரல் வளமான அம்மாள். அவர்தான் ஒப்பாரியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேச்சித்தாயைத் தனியாகக் கூப்பிட முடியாது. தலைமாட்டை விட்டு எழுந்தால் அதுவே பேச்சாகிவிடும். நான் வாளியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டேன்.

"அம்மா, மணி ஒண்ணாகப் போகுது."

அவர் என்னை அடையாளம் தெரியாதவர் மாதிரிப் பார்த்தார். பிறகு அந்தப் பார்வை மாறியது.

"காலையிலயும் நான் சாப்பிடலையே தம்பி" என்றார். "அந்த மனுசன் எப்படி இருக்காவ?"

 கேட்கவே வாய் வராமல் வந்தவனுக்கு முன்னால் அவர் தானாகவே கேட்டுவிட்டார்.

"கஷ்டமாத்தான் இருக்கும்மா. நாலு நாளைக்கு வேற வழி இல்ல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. ஒருத்தரும் உங்களக் குத்தம் சொல்ல மாட்டாவ."

ஒப்பாரி நின்றிருந்தது. பிரமு, "எந்த மனுசன்? யாருட்டி இந்த ஆளு?" என்றார்.

பேச்சித்தாய் சொன்னார். ரொம்பச் சுருக்கமாக, யாருக்கோ கணக்குப் பாடம் சொல்லுகிற மாதிரி சொன்னார். நான் சாப்பிட்டால்தான் அவருக்கு இறங்கும், இல்லாவிட்டால் செத்துப்போவார், இவியளுக்கு நடந்ததுதான் அங்கேயும் நடக்கும் என்றார்.

"எந்தம்பி இங்க பொணமாக் கெடக்கான்" என்றார் பிரமு. "நீ எவனோ ஒருத்தனுக்குச் சோறு திங்கப் போறியா?"

 பேச்சித்தாய் என் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுல அவியளுக்கு ஏன் நின்னுச்சு தம்பி? அங்கன உள்ள ஆளு சாப்பிடலையா?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா."

"பேரு கேக்கல. சாப்பிடலையான்னு கேக்கேன்."

அந்தக் கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு அப்போது வாய் எழவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

"எத்தன நாளா?"

"ஆறு நாளா."

அவர் விரல்கள் கண்ணாடி மேல் அசைந்தன. எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. "ஆறு நாளு" என்றார். என் முகத்தைப் பார்த்து, "உலகம்மாளா?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யோசித்து முடிப்பதற்குள் அவர் தெரிந்துகொண்டுவிட்டார்.

"அவள விரதம் இருக்கச் சொன்னதே நாந்தான தம்பி" என்றார்.

குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது கேட்டிருக்காது.

"போன மாசம் அந்தப் பெஞ்சுல உக்காந்து அழுதா. ரெண்டு பொட்டப்பிள்ளைய வச்சிருக்கேன் அக்கா, இவியளும் போயிட்டா நான் என்ன செய்யன்னு அழுதா. சஷ்டி வருதுல்லா, ஆறு நாளும் விரதம் இரு, முருகன் கைவிட மாட்டான்னு நாந்தான் சொன்னேன். நானும் இருந்திருப்பேன். எனக்குச் சீனிக்கு மாத்திர, பட்டினி கெடக்கக் கூடாது. அதனால எனக்கும் சேத்து நீயே இருந்துரு தாயின்னேன். இவிய பேரு, நட்சத்திரம் எல்லாம் ஒரு தாள்ல எழுதி அவ கையில குடுத்தேன்."

"அம்மா, நான் கவனிச்சிருக்கணும். தப்பு என் மேலதான்" என்றேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"இவியளுக்காகவும் சேத்துத்தான் கெடந்திருக்கா" என்றார். "அப்ப நான் சாப்பிடுதது கொம்பையாவுக்கா?"

நான் வாளியை முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னால் எடுத்து வைத்தேன்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"சொல்லிராதிய. என்னைக்கும் சொல்லிராதிய. எங்கிட்டயே வச்சிக்கிடுதேன்." கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல் வலது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "வாளியத் தொறங்க."

மூடியைத் திறந்ததும் ரசத்தின் வாசனை அந்த அறை முழுக்கப் பரவியது. ஊதுபத்திக்கும் ரோஜா மாலைக்கும் நடுவில் பூண்டும் மிளகும் மணத்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். தட்டுக்கு எங்கே போக? வாளியின் மூடியிலேயே இரண்டு கை சோறு வைத்துக் கொடுத்தேன்.

முதல் கவளம் வாய்க்குள் போனபோது பிரமு எழுந்துவிட்டார்.

"பாருங்கடி, நல்லாப் பாருங்க. இவ பசிக்கு எந்தம்பி பொணம் போற வரைக்கும் பொறுக்கலையாம். இத்தன நாளும் வேளாவேளைக்குத் தின்னுக்கிட்டுத்தான இருந்தா. நம்ம வீட்டுல இனி இவ கையால ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்கப்பிடாது." அப்படியே ராகம் போட்டு ஒப்பாரியாக அதையே பாடத் தொடங்கினார். தம்பி செத்த துக்கமும் பொய் இல்லை, அந்தக் கோபமும் பொய் இல்லை. வாசலில் இருந்த ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்த ஒரு வேளைச் சோற்றை அந்த ஊர் அந்த அம்மாள் சாகும் வரை சொல்லிக் காட்டும். எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாதா.

பேச்சித்தாய் மென்றார். விழுங்க முடியவில்லை. வாளியோடு கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். ஒரு வாய் தண்ணீர், ஒரு வாய் சோறு என்று தள்ளினார். கண்ணீர் வழிந்து சோற்றோடு கலந்தது. அதையும் சேர்த்துப் பிசைந்து விழுங்கினார்.

நான் கைத்திரையை முழங்காலுக்குக் கீழே மறைத்து வைத்துப் பார்த்தேன். அவர் சாப்பிட்டால் ஒரு நிமிஷத்துக்குள் அலை எழும். இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. மூன்று கவளம் போயிற்று. நாலு போயிற்று. கோடு படுத்தே கிடந்தது. பட்டை கழன்றிருக்குமோ என்று இணைப்பைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இந்தத் தடவை மெஷின் மேல் பழி போட எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆனது, ஏழு நிமிஷம் ஆனது.

டாக்டரிடமிருந்து செய்தி வந்தது. 'இங்கே ஒன்றும் அசையவில்லை. சாப்பிடுகிறாரா?'

'சாப்பிடுகிறார்' என்று அனுப்பினேன்.

கொஞ்சம் கழித்து, 'தொண்டை வரை வந்துவிட்டது. உலகம்மாளை உள்ளே கூப்பிட்டிருக்கிறேன்' என்று வந்தது.

மூடியில் இருந்த சோறு தீர்ந்துவிட்டது. பேச்சித்தாய் எச்சில் கையோடு என்னைப் பார்த்தார். பிரமு பாடுவதை நிறுத்தவில்லை.

"சேந்துச்சா தம்பி?"

"சேந்துதும்மா" என்றேன்.

"நல்லா இறங்குதா?"

"நல்லா இறங்குது."

அவர் மூடியை என் பக்கம் நீட்டினார். "அப்ப இன்னும் ரெண்டு கை வைங்க" என்றார்.

நான் வைத்தேன்.